முத்துக்கருப்பனுக்குக் கடைசித் தண்ணீர்

முருகன் துணை.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு எழுதுகிறேன். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். இங்கிலீஷும் மலாயும் காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நோய்க்கு என்ன பெயர், எந்த டாக்டர் முன்னால் எப்படி நிற்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே வந்துவிடும். செத்துப்போனவருடைய குடும்பம் புகாரோடு வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் லேசில் வராது. எனக்கு அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அன்றைக்கு எனக்கும் வந்தது. அடக்கத்தான் பாடுபட்டேன்.

முத்துக்கருப்பன் என்று ஒருவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப்போகும் தொங்கானில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் அடுக்கு சரிந்து அரிசி மூட்டைகள் அவர் வயிற்றின்மேல் விழுந்தன. ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்து, குடல் கிழிந்திருக்கிறது என்று தைத்தார். தைத்த குடலுக்குள் எதுவும் இறங்கக்கூடாது. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் எழுதிவைத்தார். முத்துக்கருப்பன் சில நாள் கிடந்தார். ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய சம்சாரம் அங்கம்மாள், பார்வை நேரத்துக்கு காவல்கார ஜாகா கேட்டைத் திறந்ததும் உள்ளே வந்தபோது, அவர் முகத்தை மூடியிருந்தது.

நம்மவர்களில் உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் தண்ணீரோ பாலோ விடவேண்டும். பெற்ற பிள்ளை விட்டால் உத்தமம். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் வேறு யாராவது விடவேண்டும். தொண்டை நனையாமல் போன உயிர் தாகத்தோடேயே அலையும் என்று நம்புகிறோம். நானும் நம்புகிறவன்தான். தினமும் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவனுக்கு அதை மட்டும் எப்படித் தள்ள முடியும்? அங்கம்மாளுக்கு அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதும் தெரியும். பக்கத்தில் யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் தம்பி சன்னாசி கோபக்காரன். அழுதுகொண்டிருந்த அக்காளை வீட்டில் விட்டுவிட்டு, கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய்விட்டான். மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். ஒரு குற்றத்தோடு போனால் மனு எடைகுறைவாக இருக்கும் என்று கைச்சரக்கையும் கலந்து எழுதுவார்கள். வார்டுக் கடிகாரம் பிந்தி ஓடுகிறது. ஜன்னலில் காக்கை உட்காருகிறது. கட்டில்களை வடக்கே தலைவைத்துப் போட்டிருக்கிறார்கள். நோயாளிக்குக் கண்டதையும் கொடுத்துக் கெடுத்தார்கள். நோயாளிக்கு ஒன்றுமே கொடுக்காமல் கொன்றார்கள். கடைசி இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

பெரிய டாக்டர் எதையும் விடாமல் செய்கிற மனிதர். மனுவைப் படித்துவிட்டு, "இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கமுடியும். எது என்று கண்டுபிடிப்போம்," என்றார். மற்றக் குற்றங்களையும் விடவில்லை. துறைமுகத்திலிருந்து திசைகாட்டி ஒன்றை வரவழைத்து, கட்டில் கட்டிலாக வைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்து வரிசை முழுவதும் வடக்கே தலைதான். 'உண்மை' என்று எழுதிக்கொண்டார். சங்கதி தெரிந்ததும் அந்த வரிசையில் நம்மவர்கள் அத்தனை பேரும் மாறிப் படுத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் நாக்கைப் பார்க்கலாம் என்று குனிந்தால், அங்கே இரண்டு பாதங்கள் இருந்தன.

கருமாதிக்கு முன்பே விசாரணை வைக்கவேண்டும் என்று அங்கம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். டாக்டரும் ஒத்துக்கொண்டு வார்டிலேயே வைத்தார். முத்துக்கருப்பன் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. டாக்டர், அவர் பக்கத்தில் நான். சன்னாசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அங்கம்மாள் தரையில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

தம்பிமாரே, இதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஒரே பயம். உத்தரவை மீறினவன் யார் என்று பிடித்து வேலையை விட்டு அனுப்பத்தான் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கம்மாளோ, யாராவது ஒருவர் உத்தரவை மீறியிருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தப்பிக்கச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் தலையில்தான் விழும்.

முதலில் வார்டு ஆள் ரெங்கசாமி வந்தான். திருநீற்றைக் கையில் வைத்துச் சத்தியம் செய்தான். டாக்டர், நோயாளிக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒரு சொட்டுக்கூட இல்லைங்க துரை. தண்ணி தண்ணின்னு கத்துனாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் அசையலையே. கல்லு மாதிரி நின்னேன்."

நான் இங்கிலீஷில் சொன்னேன். "நல்லது," என்றார் டாக்டர். சன்னாசிக்கும் திருப்தி. "எழுதிக்கச் சொல்லுங்க கிராணி, கல்லு மாதிரின்னு," என்றான். என்னை எல்லாரும் கிராணி, அதாவது குமாஸ்தா, என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து சமையல்கட்டிலிருந்து காதர் பாய். வார்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர். அவர் தம் வேதத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டு, அந்தக் கட்டில் பக்கம் வரும்போது கஞ்சிச் சட்டியைக்கூட வாசனை போகாதபடி மூடிக்கொண்டு நடந்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் வார்டுப் பொறுப்பிலிருந்த நர்ஸ், பெரிய மிசி. பைபிளைத் தொட்டு, தன் கண் முன்னால் உத்தரவு ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். அதைத் தமிழில் அங்கம்மாளுக்குச் சொல்லவேண்டியது என் வேலை. வேலையில் சேரும்போது சேர்க்கவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்னேன். முருகா, அதைவிடக் கனமான வார்த்தையை நான் தூக்கினதில்லை.

டாக்டருக்குச் சந்தோஷம், உத்தரவு நிறைவேறிவிட்டது. சன்னாசிக்குச் சந்தோஷம், கொடுமை நிரூபணமாகிவிட்டது. சாட்சிகளுக்குச் சந்தோஷம், வேலை தப்பிவிட்டது. இப்படி எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்த ஒரு விசாரணையை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

டாக்டர் கொப்பி குடிக்கக் கொஞ்சம் நிறுத்தினார். நான் அங்கம்மாள் பக்கத்தில் போய்க் குந்தினேன். மனுவில் இருப்பதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு என்னம்மா தெரியவேண்டும் என்று கேட்டேன். அதுவரை அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு யாரையும் தண்டிக்க வேணாம் கிராணி. காக்காயும் வேணாம், கடியாரமும் வேணாம். அவரு தொண்டை நனைஞ்சு போனாரா, காஞ்சு போனாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. தெரியாம நான் எப்படிக் கருமாதி செய்வேன்?"

நான் எழுந்து டாக்டரிடம் போனேன். "ஐயா, ஒரு நிமிஷம் நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை," என்றேன்.

"பிறகு யார்?"

"இந்த ஊரில் என்றைக்காவது ஒருநாள் சாகப்போகிறவன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தண்ணீர் கொடுத்திருந்தால் அதனால் முத்துக்கருப்பன் செத்திருப்பாரா, கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். முதலில் நம்பிக்கை இருந்ததாம், அதனால் உத்தரவு போட்டாராம். ஓரிரு நாளிலேயே விஷம் உடம்பில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீரால் ஆவதும் இல்லை, கெடுவதும் இல்லை. பிறகு பலகையில் எழுதியதை யார் அழிப்பது என்று கேட்டேன். "நான்தான் அழிக்கவேண்டும்," என்றார். திரும்பிப் பார்த்தார். கட்டில் காலியாக இருந்தது. பலகையில் இன்னும் அதேதான் எழுதியிருந்தது. வேறு யாராவது அதில் படுத்திருந்தால் அவருக்கும் அன்று தண்ணீர் கிடைத்திருக்காது.

டாக்டர் தாமே எழுந்துபோய்ப் பலகையைத் துடைத்தார். பிறகு, தண்ணீர் கொடுத்தவர் யாராக இருந்தாலும் வேலை போகாது, திட்டுக்கூடக் கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். தமிழிலும் மலாயிலும் சொன்னேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரெங்கசாமி என் காதுக்குள், "எலிக்கு வைக்கிற தேங்காச் சில்லு மாதிரி இருக்கு அண்ணே," என்றான்.

மீதி இருந்தது ஒரே சாட்சி. பக்கத்துக் கட்டில் சீனர். ஆ ஹொக் என்று பெயர். மீ, கொய்த்தியா என்கிற சீனச் சேமியா வகைகளை வண்டியில் போட்டு விற்கிறவர். வண்டி கவிழ்ந்து கால் எலும்பு முறிந்து, காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சத்தியம் செய்வீர்களா என்று மலாயில் கேட்டேன். சேவல் ஒன்று கொண்டுவாருங்கள், அதன் தலையை வெட்டித்தான் எங்கள் சத்தியம் என்றார். பெரிய மிசி, வார்டுக்குள் சேவல் வரக்கூடாது என்றாள். டாக்டர் வெகுநேரம் யோசித்து, முட்டை ஆகுமா என்று கேட்கச் சொன்னார். ஆ ஹொக்கும் வெகுநேரம் யோசித்தார். முட்டை இன்னும் சேவலாகவில்லை, ஆகவே அது பாதிச் சத்தியம்தான் என்றார். பாதியாவது இருக்கட்டும் என்று டாக்டர் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கே இருந்ததெல்லாம் அவித்த முட்டை. ஆ ஹொக் அதை வாங்கி, காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, இதில் சத்தியம் செய்தால் ஒன்றும் பலிக்காது என்று உரித்துத் தின்றுவிட்டார். ஆகவே அந்த விசாரணையிலேயே சத்தியம் செய்யாத ஒரே சாட்சி அவர்.

"தண்ணீரா?" என்றார். "நான் கொடுத்தேன். என் தேநீர்தான், கரண்டியால். எல்லாரும்தான் கொடுத்தார்கள்." தொங்குகிற காலோடு அப்படியே ரெங்கசாமி, காதர் பாய், மிசி என்று வரிசையாகக் கையை நீட்டி, "அவன் கொடுத்தான், அந்தக் கிழவர் கொடுத்தார், மிசி பஞ்சை நனைத்து வாயில் பிழிந்தாள். ஒருவர் கொடுக்கும்போது இன்னொருவர் வந்தால், கொடுத்தவர் கையை மறைத்துக்கொண்டு ஜன்னலில் காக்கை பார்ப்பார். நான் கால் கட்டிக் கிடக்கிறேன், எங்கே பார்ப்பது? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன்," என்றார்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மூன்று சாட்சிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தாம் ஒருவர்தான் குற்றவாளி என்று இத்தனை நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். அப்புறம் மடை திறந்தது. தான் கொடுத்தது காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று ரெங்கசாமி சொன்னான். கஞ்சித் தெளிவில் கல்கண்டு கரைத்ததாகக் காதர் பாய். "பாய் கொடுத்ததுக்கு முன்னாடியே நான்தான் கொடுத்தேன்," என்று ரெங்கசாமி. அவன் ஒரு மடக்குக் கொடுத்தால் தாம் இரண்டு கொடுத்ததாகக் காதர் பாய். முத்துக்கருப்பன் ஒருதரம், "போதும்பா, விடுங்க," என்று கேட்டுக்கொண்டாராம். பெரிய மிசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் இந்த வார்டில் யார்தான்?" என்று என்னிடம் கேட்டார். யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வி மொழிபெயர்ப்பாளனைக் கேட்டதாகத் தெரியாததால் சும்மா இருந்துவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். அங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் தெளிவில்லை.

"காலையில சத்தியம் பண்ணி இல்லைன்னாங்க. இப்ப ஆமாங்கிறாங்க. வேலை போகாதுன்னு துரை சொன்னதும் எல்லாரும் குடுத்தாங்களாம். நான் அழுவுறேன்னு ஆறுதலுக்குச் சொல்றாங்களோ என்னவோ. எதை நம்புறது கிராணி?"

அவள் சொன்னது நியாயம். ஆறுதல் வார்த்தையும் உண்மையும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்தால் யார்தான் கண்டுபிடிப்பது? சன்னாசி, "சீனன் தேத்தண்ணி குடுத்தானாம், இவரு குடிச்சாராம்," என்று முணுமுணுத்தான்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நீ எங்கடா இருந்தே? கேட்டுல நின்னு ஜாகாகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தே." பிறகு ஆ ஹொக்கின் கட்டில் பக்கம் போனாள். கடைசியாகக் கொடுத்தது யார் என்று கேட்கச் சொன்னாள். வெளுக்கிற நேரத்தில் தாம்தான் கொடுத்ததாகவும், இரண்டாம் கரண்டி விழுங்காமல் வழிந்துவிட்டதாகவும் ஆ ஹொக் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தேத்தண்ணியில சீனி போட்டிருந்துச்சான்னு கேளுங்க."

கேட்டேன். ஆ ஹொக் கையை விரித்தார். சீனத் தேநீர்லா, அதில் எங்கே சீனி போடுவது, கசப்புத்தான் என்றார்.

தம்பிமாரே, என் வாழ்க்கையில் ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நான் தவித்தது அப்போதுதான். புருஷனுடைய கடைசி வாய் கசப்பு என்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இனித்தது என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கிலீஷ் டாக்டருக்கு எங்கள் மலாய்ப் பேச்சு முழுக்கப் புரியாது, அவளுக்கு மலாயே தெரியாது. மலாய் தெரிந்த மற்றவர்களும் காட்டிக்கொடுக்கமாட்டார்கள், சாமியைத் தவிர ஒருவரும் கேட்கமாட்டார்கள். சாமி அறிவாரே என்றுதான் உள்ளதைச் சொன்னேன்.

"சீனி இல்லையாம்மா. கசப்பாம்."

அவள் கண்ணை விரித்தாள். "குடிச்சதும் என்ன பண்ணாரு? அதைக் கேளுங்க."

நான் கேட்டேன். ஆ ஹொக் வாயால் பதில் சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கி, ஒரு கண்ணை இறுக்கி, வாயை ஒரு பக்கமாகக் கோணி, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக் காட்டினார். பிறகு, "அப்படிச் செய்துவிட்டும் இன்னும் வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்," என்றார்.

அங்கம்மாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவருதான் கிராணி. சீனி கொறைஞ்சா வீட்டுலயும் இப்படித்தான் மூஞ்சியை வச்சுக்குவாரு. இவரு அவரைப் பார்த்திருக்காரு. அவரு குடிச்சிருக்காரு." இன்னும் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள் என்றாள். ஆ ஹொக் செய்து காட்டினார். சன்னாசிகூடத் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தான். டாக்டர், அந்த முகத்துக்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை ஐயா என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒருவருமே உத்தரவுக்குக் கீழ்ப்படியாத காரணத்தால், நோயாளியைக் கவனிக்கவில்லை என்ற புகாருக்கு ஆதாரம் இல்லை என்று டாக்டர் தீர்ப்பு எழுதினார். எழுதிவிட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கட்டிலில் அந்த உத்தரவை எழுதினாலும், மறுநாள் தாமே வந்து பலகை முன்னால் நின்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். மனு என்ன கேட்கிறது என்று பார்க்காதீர்கள். மனுவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வருகிற பதில் கசப்பாக இருந்தால், இரக்கப்பட்டுச் சீனி போடாதீர்கள். அந்தக் கசப்பை வைத்துத்தான் அவர்கள் உண்மையை அடையாளம் காண்பார்கள்.

கருமாதிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசித் தண்ணீர் விட்டவர் பிள்ளை முறை என்று அங்கம்மாள் ஒரே பிடியாக நின்றாள். டாக்டரிடம் அனுமதி வாங்கி, கட்டுப்போட்ட காலோடு ஆ ஹொக்கை ரிக்ஷாவில் கடற்கரைக்குக் கொண்டுவந்தோம். பிள்ளைக்கு உருமால் கட்டுவது தாய்மாமன் கடமை. சன்னாசி, தன்னைவிட மூத்த சீனருடைய தலையில் பயபக்தியோடு உருமால் கட்டினான். அது காதுவரை இறங்கிவிட்டது. ஐயர் பிள்ளையின் கோத்திரம் என்ன என்று கேட்டார். மலாயில் அதற்கு வார்த்தை கிடைக்காமல், உங்கள் வகை என்ன என்று கேட்டேன். மீ, ஆனால் சில நாள் கொய்த்தியாவும் போடுவேன் என்றார் ஆ ஹொக். சிவகோத்திரம் என்று ஐயரே சொல்லிக்கொண்டு மேலே நடத்தினார்.

எல்லாம் முடிந்து ரிக்ஷாவில் ஏற்றும்போது ஆ ஹொக் என் கையைப் பிடித்து, அங்கம்மாளிடம் ஒன்று சொல்லச் சொன்னார். கடைசி வாய் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், யாரிடமாவது கேட்டுச் சீனி வாங்கிப் போட்டிருப்பாராம்.

சொன்னேன். அவள் உருமாலைச் சரிசெய்து, அவர் காதை வெளியே எடுத்துவிட்டாள்.

"போடாததுதான் நல்லதுன்னு சொல்லுங்க கிராணி. போட்டிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்."